மஞ்சள் திரையும் நீல மாப்பிள்ளையும்

அன்புள்ள மகனே,

இதனால் சகலருக்கும் பணிவன்புடன் அறிவிப்பது என்னவென்றால், பினாங்கு மாநிலம், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடொன்றில் வசித்துவரும் உன் தந்தைக்கு, இன்று காலை பல் துலக்கும் வேளையில், மேலுதட்டின் இடப்பக்கத்தில் மீசை என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கத்தக்க ஒன்று முளைத்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. வலப்பக்கம் குறித்த தகவல்கள் இன்னும் வந்து சேரவில்லை. செய்தி உடனடியாக என் அம்மாவுக்குத் தெரிவிக்கப்பட்டது. முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவும்படி அவர் உத்தரவிட்டார்.

குழம்பாதே. எனக்கு வயது பதினேழு. உனக்கு வயதே இன்னும் ஆரம்பிக்கவில்லை. உன் அம்மா யார் என்பதுகூட முடிவாகவில்லை. இரண்டு பேரை நான் பரிசீலித்தேன், அவர்கள் இருவரும் என்னைப் பரிசீலிக்கவில்லை. ஆனாலும் அப்பாக்கள் மகன்களுக்கு எழுதும் கடிதங்களை நான் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. எழுதுகிறவருக்குத் தலை நரைத்த பிறகுதான் எழுத வருகிறது. அதற்குள் தான் செய்த திருகுதாளமெல்லாம் அவருக்கே மறந்துபோய், பிறந்ததிலிருந்தே தான் நல்லவன் என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறார். நான் முந்திக்கொள்கிறேன். என் அப்பாவின் கண்ணை நான் ஏறக்குறையப் பறித்த கதையையும், அதை நானே வீரத்துடன் திருப்பிக் கொடுத்த கதையையும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நீ வளர்ந்து, கல்யாணமோ வேலையோ காரணமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் நாளில் இது உன் கைக்கு வரும். அதுவரை என் வேதியியல் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை, நான் உட்பட. நடுவில் நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். கண்டுகொள்ளாதே. இன்றைக்கு ஏனோ கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

என் அப்பா கல்யாணப் படம் எடுப்பவர். பிலிம் காலத்தில் ஆரம்பித்தவர். பிலிம் காலத்துப் படங்களுக்கு ஒரு தனி அழகு உண்டு என்று இப்போது ஜார்ஜ் டவுன் காப்பிக் கடைகளில் உட்கார்ந்து உருகுகிறார்களே, அவர்களை நம் வீட்டுக்கு அழைத்து வந்து அப்பாவின் சொந்தக் கல்யாண ஆல்பத்தைக் காட்ட வேண்டும். மாப்பிள்ளையே கேமராவைத் தூக்க முடியாது என்பதால் கூட்டாளி ஒருவர் எடுத்தது. மண்டபம் பூராவும் ட்யூப் லைட். அந்த வெளிச்சம் நம் கண்ணுக்கு வெள்ளை, அந்தக் காலத்து பிலிமுக்குப் பச்சை. ஆகவே அப்பா பச்சை, அம்மா பச்சை, ஐயர் பச்சை, பின்னால் நிற்கும் சித்தப்பா கொஞ்சம் வாடிய பச்சை. சின்ன வயதில் நான் அம்மாவிடம், "உங்களுக்குக் கல்யாணம் நடந்துச்சா, இல்ல நாத்து நட்டாங்களா?" என்று கேட்டேன். அம்மா ஆல்பத்தை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அப்பா மட்டும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் படம் எடுக்கிறவனிடம் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது, நிறம் இல்லை என்பார் அவர். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சுருளைக் கொண்டுபோய் பினாங்கு ரோட்டு லேப்பில் கொடுக்க வேண்டும். நிறத்தை முடிவு செய்வது அங்கே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர். அவருக்குக் காலையில் வீட்டில் சண்டை என்றால் மாலையில் மணப்பெண் முகம் சிவந்திருக்கும். டிஜிட்டல் வந்தபோது அப்பாவின் கூட்டாளிகள் பாதிப் பேர் தொழில் போச்சு என்று தலையில் கை வைத்தார்கள். இவர் ஒருவர்தான் சந்தோஷப்பட்டாராம். "இப்பதான்டா கலரு என் கைக்கு வந்திச்சு" என்று இன்றைக்கும் சொல்வார். வந்த கலர் லேசில் அடங்கவில்லை. முதலில் வாங்கிய டிஜிட்டல் கேமரா அரக்குச் சேலையை மடிப்பே தெரியாத சிவப்புக் குழம்பாக்கியது; தங்கத்தை எலுமிச்சம்பழமாக்கியது; நம்மைப் போன்ற கறுத்த முகங்களைக் கண்டால் அதற்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒன்றொன்றாகப் பழக்கினார், முரட்டு நாய்க்குட்டியைப் பழக்குவது மாதிரி.

கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. கல்யாணத்துக்கு முன்பே மணப்பெண்ணின் தையல்காரரைத் தேடிப் போய், ரவிக்கை தைத்து மிஞ்சிய துண்டுத் துணியைக் கேட்டு வாங்கி வருவார். அதைக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டுவார். மேலே பகல் வெளிச்சம் தரும் விளக்கு ஒன்று. திரையில் இருக்கும் சேலையும் ஒட்டியிருக்கும் துண்டும் ஒரே நிறமாகும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். சேலை சரியாக வந்துவிட்டால் முகம் தானாகச் சரியாக வரும் என்பது அவர் கட்சி. மணப்பெண் கறுப்பென்றால் படத்திலும் கறுப்பு. கொஞ்சம் வெளுத்துக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களிடம், "வெளுக்கிறதுக்கு டோபி இருக்காரு அக்கா, நான் படம் எடுக்கிறவன்" என்பார். அதனால் சில பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். பல பேர் தங்கச்சி கல்யாணத்துக்கும் அவரையே கூப்பிட்டார்கள்.

இப்போது நான் மேடையேறுகிறேன்.

கொஞ்ச நாளுக்கு முன் பாடாங் கோத்தா கடற்கரையில் சூரியன் மறையும்போது என் கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். ஃபெர்ரி போகிறது, வானம் பற்றி எரிகிறது. வகுப்பில் எல்லாரும் மாய்ந்து போனார்கள். அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வானம் இப்படித்தான் இருந்திச்சா?"

"கிட்டத்தட்டப்பா."

"கிட்டத்தட்டன்னா?"

"கொஞ்சம் கம்மியா இருந்திச்சு."

"அப்ப இத உன் போன் எடுத்திச்சு. நீ புடிச்சிக்கிட்டு நின்ன."

மகனே, உனக்கும் பதினேழு வயது வரும். அப்போது இப்படி ஒரு வாக்கியம் எந்த இடத்தில் போய்க் குத்தும் என்பது தெரியும். அன்றிரவே முடிவு செய்தேன். இயந்திரம் சொன்னதை நம்பும் ஆள் நான் என்றால், அவர் மட்டும் யாராம்?

கணினியில் ஓர் ஏற்பாடு உண்டு. பொழுது சாய்ந்ததும் திரையை மெதுவாக மஞ்சளாக்கும், கண்ணுக்கு இதமாம். விடிந்தால் தானாகவே போய்விடும். அப்பாவுக்கு அந்தக் கணினியில் படம் திருத்தத் தெரியும். மற்றதெல்லாம் என் இலாகா. அவரோ பகலெல்லாம் வெளியே அலைந்துவிட்டு மாலையில்தான் படங்களோடு உட்காருவார். நான் அந்த மஞ்சளைப் போட்டுவிட்டேன். ஒரேயடியாக இல்லை, அது கற்றுக்குட்டிகள் வேலை. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு சிட்டிகை, சாம்பாருக்குப் போடுவது போல. கண் என்பது எதற்கும் பழகிக்கொள்ளும் அப்பாவிப் பிராணி. இரண்டொரு நாளில் கண்டுபிடித்து, "டேய்!" என்று ஒரு சத்தம் போடுவார், நான் ஓடுவேன், அம்மா சிரிப்பார் என்பதுதான் திட்டம். அவர் சத்தம் போடவில்லை. எனக்குப் பள்ளியில் சோதனை வந்தது. நான் அதை மறந்துபோனேன்.

கவனமில்லாத ஆளாக இருந்திருந்தால் அப்பா தப்பித்திருப்பார். அவர்தான் துண்டுத் துணிக்காரர் ஆயிற்றே. திரை மஞ்சளாக இருக்கிறது, ஒட்டியிருக்கும் துணி மஞ்சளாகவில்லை. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதற்காக அவர் படத்தில் நீலத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். சேலை துணியோடு அச்சாகப் பொருந்தியதும் படங்களை அனுப்பிவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போனார். மறுநாள் பத்து காவான் ஊரிலிருந்து மணப்பெண்ணின் அம்மா போன் செய்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ள ஏன் நீலமா இருக்காரு? உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

அப்பா சிரித்தபடிதான் போய்க் கணினியைத் திறந்தார். பகல் நேரம். மஞ்சள் வேலைக்கு வராத நேரம். மாப்பிள்ளை கிருஷ்ணர், மாமனார் கிருஷ்ணர், நாதஸ்வரக்காரர் புல்லாங்குழலை மாற்றிக்கொண்ட கிருஷ்ணர். பந்தியில் வரிசையாக உட்கார்ந்து கிருஷ்ணர்கள் சாப்பிடுகிறார்கள். அன்று மாலை மறுபடியும் உட்கார்ந்து முழுக்கத் திருத்தினார். காலையில் திறந்தால் இன்னும் நீலம். அதே திரை, அதே துணி, அதே விளக்கு. மாறியது என்ன? அவர் வேறு யாரையும் சந்தேகப்படவில்லை, மகனே. தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். பகலில் ஒழுங்காகத் தெரிகிறது, பொழுது சாய்ந்தால் ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் சேர்த்துவைத்திருந்த ரவிக்கைத் துண்டுகளையெல்லாம் கட்டிலில் பரப்பி வைத்திருந்தார். அம்மா பக்கத்தில் நின்றார். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, இது அரக்கா, மெரூனா, இது கிளிப்பச்சைதானே என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார். அம்மா ஒவ்வொரு தடவையும் ஆமாங்க, ஆமாங்க என்றார். அப்படியும் அடுத்ததை எடுத்தார். நடந்தது என்ன என்று அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், பசிக்கிறது என்றேன்.

அடுத்த நாள் கிளினிக்குக்குப் போனார்கள். சோதித்துப் பார்த்த டாக்டர், கண் நன்றாக இருக்கிறது, இந்த வயதில் எல்லாருக்கும் புரை கொஞ்சம் ஆரம்பிக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்றாராம். அப்பா அதில் புரை என்ற ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு என்னோடு ஜெலுத்தோங் சந்தைக்கு வந்தவர், மாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பழுத்திருச்சான்னு பாருடா" என்று என்னிடம் நீட்டினார். என்னிடம்! ஆரஞ்சு வானத்துக்காரனிடம்!

அன்றைக்கே அந்த மஞ்சளை எடுத்துவிட்டேன். சத்தமில்லாமல், வந்த வழியே. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மாலையில் அப்பா பத்து காவான் கல்யாணத்தை மூன்றாம் முறையாகத் திருத்தினார். காலையில் திறந்து பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. நான் கதவோரம் நின்று அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை.

"நல்லா வந்திருக்குங்க," என்றார் அம்மா.

"நேத்து சரியா தெரிஞ்சிச்சு. நாளைக்கும் தெரியும்னு எப்படிச் சொல்றது? அவங்களுக்குக் கல்யாணம் ஒரு தடவதான்லா நடக்கும். என் கண்ணுக்கு நல்ல நாளான்னு பாத்தா முகூர்த்தம் வெப்பாங்க?"

வருகிற சனிக்கிழமை சுங்கை பாக்காப்பில் ஒரு கல்யாணம். அந்தப் பெண்ணின் அக்கா கல்யாணத்தையும் அப்பாதான் எடுத்தார். இந்தக் கல்யாணத்தைப் பட்டர்வொர்த்தில் படம் எடுக்கும் ரவி அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, அப்படியே மற்ற கல்யாணங்களையும் அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லப் போவதாக அப்பா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்கிறேன் என்றார். ரவி அண்ணன் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கைபட்டால் தொட்டியில் ஊறப்போட்ட அரிசி மாதிரி எல்லா மணப்பெண்களும் வெளுத்துவிடுவார்கள்.

இனிமேல்தான், மகனே, நீ குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி. உன் தந்தை கோழையல்ல. நான் எழுந்தேன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டேன். ஹாலுக்கு நடந்தேன். அப்பா மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நிமிர்ந்து நின்று, நடுக்கமில்லாத குரலில், "அப்பா, உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு உங்கள் மகனிடம்தான் இருந்தது. தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்" என்று கூறி, நடந்ததை ஒன்று விடாமல் விவரித்தேன். ஜன்னல் திரைச்சீலை காற்றில் படபடத்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்பா மெதுவாக எழுந்து, என் இரு தோள்களையும் பற்றி, "உண்மையைச் சொன்னாயே, நீதானடா என் வாரிசு" என்று தழுவிக்கொண்டார். பிறகு மூவரும் சிரித்தோம். சுங்கை பாக்காப் கல்யாணத்துக்கு நானே அவருக்குத் துணையாகப் போவதென்றும் தீர்மானமாயிற்று.

இதிலிருந்து நீ அறிய வேண்டியவை சில உண்டு. உண்மையைச் சொல்லும்போது நின்றுகொண்டு சொல். உட்கார்ந்தால் குரல் வயிற்றுக்குள் மாட்டிக்கொள்ளும். குறும்பு செய்தால் அதன் பக்கத்திலேயே இரு. விட்டுவிட்டுச் சோதனைக்குப் படிக்கப் போகாதே. படிப்பதே தப்பு என்று சொல்லவில்லை, உன் அம்மா இதைப் படித்தால் வம்பு. ஒரு மனிதருக்குத் தன் கையின் மேல், தன் கண்ணின் மேல் இருக்கும் நம்பிக்கையோடு மட்டும் விளையாடாதே. மற்ற எதை உடைத்தாலும் ஒட்டலாம், கடையில் மாற்றலாம். நான் இதைத் திரும்ப எடுத்து வைத்தேன், பழைய இடத்திலேயே வைத்தேன், அப்படியும் அது உட்காரவில்லை. நான் செய்ததைச் சொன்னால் ஒழிய உட்காராது. உன் கைபேசி, அதற்குள் அப்போது என்ன இழவெல்லாம் இருக்குமோ, வானத்தை உனக்காக எவ்வளவு வேண்டுமானாலும் எரிக்கும். படம் நீ எடுத்ததா அது எடுத்ததா என்று யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ளாதே. அந்தப் படத்தை எடுத்தபோது நான் வானத்தைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தேன். அப்பாவுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட கண்ணைத்தான் அவர் இப்போது...

இரு. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மகனே, ஒரு சின்னத் திருத்தம். மேலே சட்டைப் பொத்தான் போட்டேன் என்று வருகிற பத்தி இருக்கிறதல்லவா? அது ரீல். பிலிம் காலம் முடிந்தும் நம் வீட்டில் ரீல் ஓடிக்கொண்டிருப்பது என்னிடம்தான். நீயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நம் வீட்டில் யார் 'தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்' என்று பேசுகிறார்கள்? நம் ஹாலில் திரைச்சீலையே கிடையாது. மூங்கில் நாற்காலியும் கேமராவும் மட்டும் உண்மை. சட்டைகூடப் போடவில்லை, பனியனோடு இருக்கிறேன்.

நடந்தது இது. மத்தியானம் ஹால் வரைக்கும் போனேன். அப்பா நிமிர்ந்து பார்த்து, "சாப்டியா?" என்றார். "சாப்ட்டேன்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, சும்மா இருக்க முடியாமல், அவரிடம் சொல்ல வேண்டியதைப் பிறக்காத உன்னிடம் சொல்ல உட்கார்ந்தேன். நீ திட்ட மாட்டாய் என்பது ஒரு வசதி. தண்ணீர் குடிக்கப் போனதெல்லாம் அதற்குத்தான். ஒவ்வொரு தடவையும் ஹால் ஃபேன் சுவிட்ச் வரைக்கும் போய், அதை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தேன். வயிற்றில் இப்போது ஒரு குளமே இருக்கிறது. இவ்வளவு அறிவுரை சொன்ன வாய்க்கு நாலு வார்த்தை வரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆகிவிட்டது. சற்று முன் அப்பா கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாயேன். ரவி நம்பர எடுத்துக் குடு. எனக்கு எழுத்து சரியா தெரியல."

அவருக்குத் தெரியும், மகனே. கிளினிக்கில் சுவரிலிருந்த எழுத்தட்டையின் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தவர். தெரிவதை நம்பப் பயந்துகொண்டு என் கண்ணைக் கடன் கேட்கிறார்.

மறுபடியும் கூப்பிடுகிறார். எழுதிவைத்த வீரவசனத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. ஹாலில் அந்த ஒரு நாற்காலிக்கு மேல் இல்லை, எப்படியும் நின்றுகொண்டுதான் சொல்லியாக வேண்டும். பேனா மூடியைக் காணோம். கிடக்கட்டும், போகிறேன்.